கடிதத்தில் இல்லாத பெயர்

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. ஆளணி அலுவலர் ராசிக் அதை முதலில் சிங்களத்தில் சொன்னார், பிறகு தமிழில் சொன்னார். மேசைக்கு இந்தப் பக்கம் ஆறாயியும் குசுமலதாவும் நின்றுகொண்டிருந்தார்கள். வருகிற முதலாம் திகதியிலிருந்து இரண்டாவது ஷிப்ட் முடிந்து போகும் பெண்களுக்கு கம்பனியே பஸ் விடும். ஒன்று கொட்டாஞ்சேனைக்கு, மற்றது பாலம் தாண்டி வத்தளைக்கு. எல்லாருக்கும் படம் ஒட்டிய வேலை அட்டை, கம்பனி முத்திரையோடு. இருவரும் கேட்டது அவ்வளவுதான். கேட்டது அப்படியே கிடைத்திருந்தது.

"இரிங்க ரெண்டு பேரும்," என்றார் ராசிக். "எவ்வளவு நேரமா நிண்டுகிட்டே ஈக்கிறீங்க."

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. மட்டக்குளியில், களனி ஆறு கடலில் விழும் இடத்துக்குக் கொஞ்சம் இப்பால் இருந்த தேயிலை ஸ்டோர் அது. மலையிலிருந்து மூட்டையாக வரும் தேயிலையைக் கலந்து பெட்டியில் போட்டுக் கப்பலுக்கு அனுப்புவார்கள். நூற்றெண்பது பெண்கள். பெரும்பாலானோர் தோட்டங்களிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் குடியிருந்த தமிழர்கள். அறுபது பேரளவில் ஆற்றுக்கு அப்பாலிருந்து வரும் சிங்களப் பெண்கள். முஸ்லிம்கள் சிலர்.

முந்தின வருடம் கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்த பிறகு சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. ஒன்பது மணிக்கு ஷிப்ட் முடிந்து போகும் தமிழ்ப் பெண்களின் அடையாள அட்டையில் தோட்டத்து விலாசம் இருக்கும். இங்கே என்ன வேலை என்று கேட்டு நிறுத்தி வைப்பார்கள். சிலருக்கு அட்டையே இல்லை. சிங்களப் பெண்களுக்கு வேறு கஷ்டம். அந்த நேரத்துக்குப் பாலத்துக்கு அப்பால் போக பஸ் கிடையாது. ஒரு நாள் லுத்பியா என்ற பெண்ணைச் சாவடியில் இரண்டு மணித்தியாலம் நிறுத்தினார்கள். மறுநாள் குசுமலதா பொறுக்கமாட்டாமல் ஆறாயியின் கையைப் பிடித்து, "வா அக்கே, நாங்களே போய்க் கேட்போம்," என்று சிங்களத்தில் சொல்லி இழுத்துக்கொண்டு ராசிக்கிடம் போனாள். தொழிற்சங்கத் தலைவர் சுந்தரலிங்கம் அப்போது வெளிநாட்டில் ஏதோ மாநாட்டில் இருந்தார். அவர் ஊரில் இருந்திருந்தால் ஆறாயி முதலில் அவரிடம்தான் போயிருப்பாள்.

சுந்தரலிங்கம் முன்பு அரசாங்கக் கிளாக்கராக இருந்தவர். எண்பதாம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் வேலை போனது. அதற்குப் பிறகு சங்கம்தான் அவருடைய வாழ்க்கை. வெள்ளவத்தையில் வீடு. நூற்றெண்பது பெண்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். யாருடைய பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்றும் தெரிந்து வைத்திருப்பார். பெண்களுக்கென்று தனிக் கழிப்பறையும் காற்றாடி போட்ட ஓய்வறையும் அவர் வாங்கிக் கொடுத்தவை. ஒரு சதம் யாரிடமும் வாங்கியதில்லை. இதெல்லாம் உண்மை.

ஆனால் அவர் செய்ததை அவருக்குத் திருப்பிச் சொல்லவேண்டும். ஒவ்வொரு வருடக் கூட்டத்திலும் ஒருவர் எழும்பிச் சொல்லவேண்டும். ஏழு வருடமாக அந்த ஒருவர் ஆறாயி.

தொண்ணூறாம் ஆண்டு, சண்டை மறுபடி தொடங்கிய மாதம், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அவளுடைய கணவன் இராமரைச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். சுந்தரலிங்கம் காரில் வந்து பொலிஸ் நிலைய வாசலில் நாலு மணித்தியாலம் காத்திருந்தார். பொறுப்பதிகாரி அவரைப் பார்க்கவேயில்லை. மூன்றாம் நாள் குசுமலதா தன் மாமாவை, வத்தளையில் இருந்த ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட்டை, அழைத்து வந்தாள். அவர் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டு இராமரைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் நின்ற சுந்தரலிங்கம் இராமரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அந்த வருடக் கூட்டத்தில் ஆறாயி, "ஐயா ஸ்டேஷன் வரைக்கும் வந்தாருங்க," என்று நன்றியோடு சொன்னாள். அடுத்த வருடம் சுந்தரலிங்கம் மேடையிலிருந்து சிரித்தபடி, "நான் அவங்களோடை என்னண்டு கதைச்சனான் எண்டதையும் சொல்லுங்கோ தங்கச்சி," என்றார். அவள் என்னத்தையோ சொன்னாள். அதற்கு அடுத்த வருடம் அவர் பொறுப்பதிகாரியின் மேசையில் ஓங்கித் தட்டியதாகச் சொன்னாள். கைதட்டினார்கள். சார்ஜன்ட் மாமா அந்தக் கதையில் இருந்து எப்போது காணாமல் போனார் என்று அவளுக்கே ஞாபகமில்லை. குசுமலதாவுக்குத் தமிழ் நன்றாக விளங்கும். ஒவ்வொரு வருடமும் பின் வரிசையில் இருந்து கேட்டாள். ஒன்றும் சொன்னதில்லை.

சுந்தரலிங்கம் திரும்பி வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் ஆறாயி ஞாயிற்றுக்கிழமை காலையில் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினாள். அவர் சந்தோஷப்படுவார் என்றே நினைத்திருந்தாள். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அவர் கண்ணாடியைப் போட்டுக் கடிதத்தை வாசித்தார். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

"தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு எண்டு கிடக்கு," என்றார். "ஆர் போய்க் கேட்டது?"

"நானும் குசுமும்ங்க ஐயா."

"நான் இல்லாத நேரம் பாத்து உங்களைக் கூப்பிட்டிருக்கிறாங்கள்."

"கூப்பிடலீங்க. நாங்களாத்தான் போனோம்."

"உங்களுக்கு அப்பிடித்தான் தெரியும், தங்கச்சி." அவர் குரல் உயரவில்லை. கடிதத்தை மடித்து, மேசை லாச்சியை இழுத்து அதற்குள் வைத்தார். "இது என்னட்டை இருக்கட்டும்."

ஆறாயி தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தாள். பஸ்ஸில் வரும்போது, என்ன பிழை செய்தோம் என்று தெரியாமலே பிழை செய்துவிட்ட மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை ஷிப்ட் மாறும் நேரம் அவர் ஸ்டோருக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடைக்கு வந்தார். தமிழ்ப் பெண்களை மட்டும் கூப்பிட்டுப் பேசினார்.

"படம் எடுக்கிறாங்கள், சரி. அந்தப் படத்தின்ரை இன்னொரு கொப்பி எங்கை போகும் எண்டு ஆரும் கேட்டனீங்களோ?"

அந்தக் காலத்தில் அது பயப்படவேண்டிய கேள்விதான்.

"நான் ஒருத்தரிலையும் குற்றம் சொல்ல வரேல்லை. குசுமலதா நல்ல பிள்ளை. ஆனால் அவவின்ரை மாமன் ஆர் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் தேவைப்படவில்லை. சனிக்கிழமைக்குள் படம் கொடுத்திருந்த பெண்களில் பாதிப் பேர் ராசிக்கிடம் போய்த் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். சாப்பாட்டு அறையில் இத்தனை வருடம் வேலை செய்யும் மேசைப்படி கலந்து உட்கார்ந்தவர்கள் இப்போது சுவரோரமாகத் தமிழர், ஜன்னலோரமாகச் சிங்களவர் என்று பிரிந்தார்கள். தங்களை உளவாளிகள் என்று தமிழர் சங்கம் சொல்வதாக ஜன்னல் பக்கத்துக்கும் கதை போயிருந்தது. அதுவரை அது தமிழர் சங்கம் என்று யாரும் சொன்னதில்லை. எல்லாரும்தான் அதில் உறுப்பினர்.

குசுமலதா ஆறாயியின் பக்கத்தில் வந்து நின்றாள். "என் மாமா யார் என்று உனக்கும் தெரியாதா அக்கே?" என்று கேட்டாள்.

ஆறாயி பெட்டியின் மூடியைச் சரிசெய்தபடியே இருந்தாள். "தெரியும் நங்கி," என்று சிங்களத்தில் தங்கையை அழைக்கும் சொல்லோடு மெதுவாகச் சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. குசுமலதாவுக்குக் கூடக் கேட்டதா தெரியாது.

அடுத்த கிழமை சுந்தரலிங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தார். தொழிலாளரின் மானத்துக்காக என்று நோட்டீஸில் இருந்தது. பஸ் என்ற சொல் அதில் இல்லை. ஆறாயி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு ராசிக்கிடம் போனாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நான் செல்றத நீங்க வெளிய எப்பிடிச் செல்வீங்களோ தெரியாது, ஆறாயக்கா. செவ்வாக்கிழம அவர் இங்க வந்தார். கடிதத்த அவர் பேருக்கு மாத்தணும், அவரோட பேசித்தான் தீந்திச்சுன்னு எழுதணும்னார். நான் சரின்னேன். ஒரு பேருதானே, எழுதினா என்ன. மேல கேட்டேன், அவங்களும் சரின்னுட்டாங்க. பொறகு செல்றார், பணிப்பாளர் கூட்டத்துக்கு வரணுமாம், மேடைல எல்லார் முன்னுக்கும் அவர் கைல குடுக்கணுமாம். பணிப்பாளர் வரமாட்டேன்னுட்டார். இவர் எழும்பிப் போயிட்டார்."

"பஸ்ஸு?"

"பஸ்ஸப் பத்தி ஒரு வார்த்த பேசல்ல."

ஆறாயி இதைச் சங்கக் கமிட்டியில் இருந்த இரண்டு பெண்களிடம் சொன்னாள். "ராசிக் கம்பனி ஆளுக்கா, அவரு வேற எப்பிடிச் சொல்லுவாரு?" என்றாள் மயிலம்மா. "ஐயா இல்லாட்டி உன் புருசன் எங்க இருப்பாரு?" என்று மற்றவள் கேட்டாள். ஆறாயியிடம் அதற்குப் பதில் இருந்தது. ஏழு வருடம் வேறு மாதிரிச் சொல்லிவிட்டு இன்று எப்படி மாற்றிச் சொல்வது என்று தெரியவில்லை. திங்கட்கிழமை மற்றவர்களோடு சேர்ந்து அவளும் வெளியே நின்றாள்.

காலை ஏழு மணிக்கு சிங்களப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். அவர்களை யாரும் வேலைநிறுத்தத்துக்குக் கூப்பிட்டிருக்கவில்லை. சுந்தரலிங்கம் தேத்தண்ணிக் கடையில் ஆட்கள் உட்காரும் வாங்கில் ஏறி நின்றார். பக்கத்தில் பத்திரிகைப் படக்காரர் ஒருவர்.

"உள்ளை போறவையை வடிவாப் பாத்து வையுங்கோ," என்றார். "நாளைக்கு உங்களைக் காட்டிக் குடுக்கப் போறது இவைதான்."

யார் எறிந்தது என்று பிறகும் தெரியவரவில்லை. அரைச் செங்கல் ஒன்று குசுமலதாவின் புருவத்தில் பட்டது. அவள் உட்கார்ந்துவிட்டாள். கேற் அடியிலிருந்து சிங்களத்தில் தகவல் போன வேகத்தில் பொலிஸ் ஜீப் இரண்டு வந்தன. முன்னால் நின்ற பதினொரு தமிழ்ப் பெண்களை ஏற்றினார்கள். அதற்கிடையில் சுந்தரலிங்கத்தின் கார் புறப்பட்டுப் போயிருந்தது. பத்திரிகைக்கு உடனே அறிக்கை கொடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

ஆறாயி ராசிக்கோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனாள். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, குசுமலதா ஏற்கெனவே வந்திருக்கிறாள். நெற்றியில் கட்டு. பக்கத்தில் மாமா, கைத்தடியோடு. ஏழு வருடத்தில் அவர் நன்றாகத் தளர்ந்துபோயிருந்தார்.

"யார் எறிந்தது?" என்று பொலிஸ்காரர் கேட்டார்.

"யாரும் எறியவில்லை. கேற்றில் தடுக்கி விழுந்தேன்," என்றாள் குசுமலதா.

அவர் அவளுடைய கட்டையும் மாமாவையும் பார்த்தார். பிறகு அப்படியே எழுதினார். சாயங்காலத்துக்குள் பத்துப் பேரை விட்டார்கள். பதினோராவது பெண் வெள்ளையம்மா. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம். பிறப்பைப் பதியாததால் அடையாள அட்டை எடுக்கவேயில்லை. கம்பனி வேலை அட்டை ஒன்று இருந்திருந்தாலாவது காட்டியிருக்கலாம் என்றார் ராசிக். அவளை அவசரகாலச் சட்டத்தில் வேறு இடத்துக்கு அனுப்பினார்கள்.

வெளியே வந்தபோது ஆறாயி குசுமலதாவுக்கு நன்றி சொல்ல வாயெடுத்தாள்.

"உனக்காகச் செய்யவில்லை," என்றாள் குசுமலதா. "அந்தப் பிள்ளைகள் திரும்ப வேலைக்கு வரவேண்டுமே." மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனாள்.

மறுநாள் பத்திரிகையில் சுந்தரலிங்கத்தின் படம் வந்தது. தலைவரின் தலையீட்டினால் பத்துப் பெண்கள் விடுதலை என்று தலைப்பு. தேத்தண்ணிக் கடைச் சுவரில் அதை ஒட்டியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கொட்டாஞ்சேனையில் ஒரு கோயில் மண்டபத்தில் விசேட கூட்டம். சிங்களப் பெண்கள் ஒருவரும் வரவில்லை. வேறு ஸ்டோர்களிலிருந்தும் ஆட்கள் வந்து மண்டபம் நிறைந்திருந்தது. சுந்தரலிங்கத்துக்கு மாலை போட்டார்கள். அவர் களைத்திருந்தார், ஆனால் முகம் வெளிச்சமாக இருந்தது. வேலைநிறுத்தத்தைக் காலவரையின்றி நீடிக்கப் போவதாகச் சொன்னார். பிறகு, "எங்கடை ஆறாயி தங்கச்சி ரெண்டு வார்த்தை சொல்லுவா," என்றார்.

அவள் மைக்குக்கு முன்னால் போய் நின்றாள்.

"எங்க வீட்டுக்காரர வெளிய எடுத்தது ஐயா இல்லீங்க," என்றாள். "ஐயா வந்தாரு. வாசல்ல நின்னாரு. உள்ள போய்க் கையெழுத்துப் போட்டது குசுமோட மாமா. மேசையில தட்டுனாருன்னு நான் சொன்னது பொய். நான் அந்த ரூமையே பாக்கல. போன திங்கக்கெழம அந்தப் பத்துப் பேரும் வந்ததும் குசுமாலதான். மண்டைய ஒடச்சவங்களக் காட்டிக் குடுக்காம விழுந்துட்டேன்னு சொல்லிச்சு. பஸ்ஸும் அட்டையும் தாறோம்னு கம்பனி எழுதிக் குடுத்த கடுதாசி ஐயா வீட்டு லாச்சியில இருக்கு. அதுல ஐயா பேரு இல்ல. அதான் இத்தனையும்."

ஆறாயி சுந்தரலிங்கத்தைப் பார்த்தாள். அவர் வெட்கப்படுவார், அல்லது கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகத்தில் இரண்டும் இல்லை. தன்னிடம் படித்த பிள்ளை பாடத்தை மறந்து நிற்பதைப் பார்ப்பவர் போல அவளைப் பார்த்தார். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவர் மேசையில் தட்டியதை அவர் நம்புகிறார். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது. அதைக் கொடுத்தது அவள்.

அவர் எழுந்து வந்து மைக்கை வாங்கினார். "எனக்கு ஆறாயியிலை கோபம் இல்லை," என்றார். "அவ பயந்து போயிருக்கிறா. ஆர் அவவைப் பயப்படுத்தினது எண்டு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நான் உயிரோடை இருக்குமட்டும் அவவை ஒருத்தரும் தொடேலாது."

கைதட்டினார்கள். மயிலம்மாவும் தட்டினாள். ஆனால் மண்டபத்தின் பின்பக்கத்தில் ஏழெட்டுப் பேர் தட்டாமல் எழும்பி வெளியே போனதை ஆறாயி கண்டாள். பொலிஸில் இருந்து வந்த பத்துப் பேரில் மூன்று பேர் அவர்களோடு இருந்தார்கள்.

வீட்டில் இராமர் நடந்ததை முழுக்கக் கேட்டார். "இத முந்தியே சொல்லியிருக்கலாம்," என்றார்.

"நீங்களுந்தான் அந்தக் கூட்டத்துலயெல்லாம் இருந்தீங்க. நீங்களுஞ் சொல்லல."

"ஆமா," என்றார் அவர்.

வேலைநிறுத்தம் பதினேழு நாள் நடந்தது. கம்பனி கடிதத்தில் கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டது. இரண்டாவது ஷிப்ட்டையே மூடி அந்த வேலையைக் கொன்ட்ராக்ட்காரர் ஒருவருக்குக் கொடுத்தது. அறுபத்துநாலு பெண்களுக்கு வேலை போனது, அதில் பதினைந்து பேர் சிங்களவர். எஞ்சிய சிங்களப் பெண்கள் தனிச் சங்கம் அமைத்தார்கள். அதற்கு ஒரு தலைவர் கிடைத்தார். அவரும் வாங்கில் ஏறித்தான் பேசினார். சுந்தரலிங்கத்தை அடுத்த வருடம் ஏதோ ஆலோசனைச் சபைக்கு நியமித்தார்கள். வேலை போன பெண்களில் பலர் அவரை வாழ்த்தப் போனார்கள். ஆறாயியைக் கமிட்டியிலிருந்து நீக்கியிருந்தார்கள். காலை ஷிப்ட்டில் அவள் வேலை தப்பியது.

வெள்ளையம்மாவை ஏழு கிழமைக்குப் பிறகு விட்டார்கள். பாதர் ஒருவர் பிடித்துக் கொடுத்த லோயரும், ராசிக் மூன்று முறை எழுதிக் கொடுத்த கடிதமும், சார்ஜன்ட் மாமாவின் சத்தியக் கடதாசியும் சேர்ந்துதான் அது நடந்தது. இனி கொழும்பில் இருக்கப்போவதில்லை என்றாள் அவள். ஆறாயி அரை நாள் லீவு எடுத்து அவளைக் கோட்டை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனாள். தானும் வருவதாகக் குசுமலதா சொல்லியிருந்தாள். மலைநாட்டு ரயில் வரும் மேடையில் இருவரும் படிக்கட்டைப் பார்த்தபடி நின்றார்கள். குசுமலதா வரவில்லை.

வெள்ளையம்மா மெலிந்திருந்தாள். உள்ளே என்ன நடந்தது என்று ஆறாயி கேட்கவில்லை. மீன் வைத்த மாலுபண் இரண்டும் ஒரு தண்ணிப் போத்தலும் வாங்கிக் கொடுத்தாள்.

"ஏங்க்கா என்னய மட்டும் விடல?" என்று ரயில் வந்து நின்ற பிறகு வெள்ளையம்மா கேட்டாள்.

ஆறாயிக்குச் சொல்ல நிறைய இருந்தது. எங்கே தொடங்குவது என்று யோசிப்பதற்குள் ஆட்கள் ஏறத் தொடங்கிவிட்டார்கள்.

"அட்டை இல்லைன்னு சொன்னாங்க," என்றாள். "இருந்திருக்கணும். எங்களாலதான் இல்லாமப் போச்சு."

வெள்ளையம்மா தலையாட்டினாள். விளங்கி ஆட்டினாளா என்று தெரியவில்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்தாள். ரயில் புறப்பட்டது. ஆறாயி பன்னிரண்டரைக்குள் ஸ்டோரில் நிற்கவேண்டும். மட்டக்குளி பஸ்ஸைப் பிடிக்க வெளியே வந்தாள்.